எவரெஸ்டுக்கு வரைபடம் போட்ட இன்ஜினியர் ஹென்றி மோர்ஸ்ஹெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையேற்ற நண்பர்களிடம் மோர்ஸ்ஹெட்டைப் பற்றி எப்போது பேசினாலும் இதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால், அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்ததைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

மோர்ஸ்ஹெட்டா? கேள்விப்பட்டதே இல்லையே. யாருங்க இவர்?

ஹென்றி டிரீஸ் மோர்ஸ்ஹெட், 1882ல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பிறந்தவர். பிரிட்டிஷ் ராணுவத்தின் ராயல் இன்ஜினியர்ஸ் பிரிவில் அதிகாரி. வாழ்நாளின் பெரும்பகுதியை சர்வே ஆஃப் இந்தியாவில், அதாவது இந்திய நில அளவைத் துறையில் கழித்தார். சாங்போ நதியின் பள்ளத்தாக்கு, காமெட், எவரெஸ்ட், வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஸ்பிட்ஸ்பெர்கன் என்று போகாத இடமில்லை. கடைசியில் 1931ல் பர்மாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வயது 48.

இன்ஜினியர்னு சொல்றீங்க. அப்படி என்ன கட்டினார்? பாலமா, அணையா?

அவர் பெயரைச் சொல்லும் பாலமோ அணையோ எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் ராயல் இன்ஜினியர்ஸ் அதிகாரி என்றால் உல்விச் ராணுவக் கல்லூரியில் கணக்கும் அளவையும் கோட்டை கட்டும் கலையும் படித்துவிட்டு வருபவர். 1901ல் பணியில் சேர்ந்தார். இந்தியாவுக்கு வந்து, 1906ல் நில அளவைத் துறைக்கு மாறினார். அத்துறையின் உயர் பதவிகளில் இருந்தவர்களில் பலர் இப்படி ராணுவ இன்ஜினியர்களாக வந்தவர்களே.

அவர் விட்டுச் சென்றது காகிதத்தில் இருக்கிறது. இன்ஜினியர் என்றால் கான்கிரீட் என்று நினைத்துப் பழகிவிட்டோம். சாலை போடுபவனுக்கும் அணை கட்டுபவனுக்கும் முதலில் கையில் வேண்டியது வரைபடம். அதைத் தயாரிப்பதுதான் இவர் தொழில்.

மலை மேல ஏறி வரைபடம் போடுறதுன்னா, நிஜமா என்னதான் பண்ணுவாங்க?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கேட்டவர் மட்டும் சில நேரம் நடுவில் எழுந்து போய்விடுகிறார்.

முக்காலியின் மேல் ஒரு சமதளப் பலகை. இதற்குப் பிளேன் டேபிள் என்று பெயர். அதன்மேல் காகிதத்தை இறுக்கமாக ஒட்டியிருப்பார்கள். ஏற்கெனவே இடம் தெரிந்த இரண்டு மூன்று சிகரங்கள் அந்தக் காகிதத்தில் புள்ளியாகக் குறிக்கப்பட்டிருக்கும். பலகையை அவற்றோடு பொருந்தத் திருப்பி நிறுத்தி, குறிபார்க்கும் சட்டத்தைப் புதிய சிகரத்தை நோக்கி வைத்து ஒரு கோடு இழுப்பார்கள். பிறகு எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு இன்னொரு மேட்டுக்கு நடந்துபோய், அங்கிருந்து அதே சிகரத்துக்கு மறுபடி ஒரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் அந்தச் சிகரம் இருக்கிறது. மூன்றாவது இடத்திலிருந்து இழுக்கும் கோடும் அதே புள்ளியில் விழுந்தால் நிம்மதி. விழாவிட்டால் எங்கோ பிசகு. திரும்ப நடக்க வேண்டும்.

நிற்கும் இடத்தின் உயரம் தெரிய, தண்ணீரைக் கொதிக்க வைத்து வெப்பமானியைப் பார்ப்பார்கள். ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி செல்சியஸ் குறையும். கேட்க எளிதாக இருக்கிறது. ஐயாயிரம் மீட்டரில், காற்று காகிதத்தைப் பிய்க்கும்போது, விறைத்த விரலால் மெல்லிய கோடு இழுப்பதை நினைத்துப் பாருங்கள். அதோடு, நல்ல காட்சி கிடைக்கும் ஒவ்வொரு மேட்டிலும் ஏறியாக வேண்டும். மலையேறத் தெரியாதவர் இந்தத் தொழிலில் நிலைக்க முடியாது.

சர்வே ஆஃப் இந்தியாவுக்கும் நம்ம ஊருக்கும் ஏதாச்சும் சம்பந்தம் உண்டா?

உண்டு. இமயம் வரை போன அந்த மாபெரும் முக்கோண அளவைக்கு 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி அடிக்கோட்டை, அதாவது எல்லாக் கணக்குக்கும் ஆதாரமான முதல் நேர்கோட்டை, அளக்கத் தொடங்கியது சென்னைப் பரங்கிமலைப் பக்கத்தில்தான். அடுத்த முறை விமானம் இறங்கும்போது அந்தக் குன்றைப் பார்த்தால் நினைவு வரட்டும்.

சாங்போ பயணம், சாங்போ பயணம்னு சொல்றாங்களே. அதுல என்ன பெரிய விஷயம்?

திபெத்தில் கிழக்கு நோக்கி ஓடும் சாங்போ, பெரிய மலைகளுக்குள் புகுந்து காணாமல் போகிறது. மறுபக்கம் அசாமில் பிரம்மபுத்திரா வருகிறது. இரண்டும் ஒன்றா? ஒன்று என்றால், திபெத்தில் சுமார் மூவாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் தண்ணீர் இவ்வளவு குறுகிய தூரத்தில் சமவெளிக்கு எப்படி இறங்குகிறது? நடுவில் நயாகராவைப் போல ஒரு பெரிய அருவி இருந்தே தீரும் என்று லண்டனில் பலர் நம்பினார்கள்.

1913ல் எஃப். எம். பெய்லி என்ற அரசியல் அதிகாரியும் மோர்ஸ்ஹெட்டும் இன்றைய அருணாசலப் பிரதேசத்தின் திபாங் பள்ளத்தாக்கில் உள்ள மிப்பியிலிருந்து மே மாதம் கிளம்பினார்கள். திபெத் அரசின் அனுமதி கிடையாது. பெய்லிக்குத் திபெத்திய மொழி தெரியும். மோர்ஸ்ஹெட்டுக்கு அளக்கத் தெரியும். நம்சா பர்வா (7,782 மீட்டர்), கியாலா பேரி (7,294 மீட்டர்) ஆகிய இரண்டு சிகரங்களுக்கு நடுவே நதி புகுந்து போவதைப் பார்த்தார்கள். நவம்பரில் பயணம் முடிந்தபோது ஏறத்தாழ 1,680 மைல், அதாவது 2,700 கிலோமீட்டர் நடந்திருந்தார்கள்.

சாங்போதான் பிரம்மபுத்திரா என்பதில் அதற்குப் பிறகு யாருக்கும் ஐயம் இல்லை. எதிர்பார்த்த பெரிய அருவியை அவர்கள் காணவில்லை. பெமாகோசுங் என்ற இடத்தில் சுமார் 30 அடி வீழ்ச்சி ஒன்றைத்தான் பார்த்தார்கள். திரும்பும்போது தவாங் பக்கமாக வந்தார்கள். அந்தப் பாதையின் ஒரு பகுதி இன்று பெய்லி தடம் என்ற பெயரில் மலை நடைப் பாதையாக இருக்கிறது. மோர்ஸ்ஹெட் தடம் என்று யாரும் சொல்வதில்லை, கவனித்தீர்களா?

அந்த அருவியைப் பத்தி கிந்துப்னு ஒருத்தர் பொய் சொன்னாராமே?

இல்லை. தயவுசெய்து இதைப் பரப்பாதீர்கள். கிந்துப் சிக்கிமைச் சேர்ந்தவர். டார்ஜிலிங்கில் தையல் வேலை செய்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. 1880ல் நில அளவைத் துறை அவரை ஒரு லாமாவோடு ரகசியமாகத் திபெத்துக்கு அனுப்பியது. அடையாளம் இட்ட கட்டைகளை சாங்போவில் விட வேண்டும், அவை அசாமில் வந்து சேர்கின்றனவா என்று கீழே காத்திருந்து பார்ப்பார்கள் என்பது திட்டம். லாமா அவரை அடிமையாக விற்றுவிட்டுப் போய்விட்டார். தப்பித்த கிந்துப் ஊருக்கு ஓடவில்லை. சொன்ன வேலையை முடித்தார்: 500 கட்டைகளைத் தயார் செய்து, நாளுக்கு 50 வீதம் நதியில் விட்டார். அவர் முன்கூட்டி அனுப்பிய தகவல் உரியவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. கட்டைகளைப் பார்க்கக் கீழே ஒருவரும் நிற்கவில்லை.

நான்கு ஆண்டு கழித்துத் திரும்பி வந்து, நினைவிலிருந்து வாயால் சொன்னார். எழுதிக்கொண்டவர்கள் ஓர் ஓடையின் உயரமான அருவியையும் நதியின் சிறு வீழ்ச்சியையும் கலந்து, 150 அடி அருவி என்று ஆக்கிவிட்டார்கள். 1913 பயணத்துக்குப் பின் பெய்லி அவரைத் தேடிப் பிடித்துப் பேசியபோதுதான் குழப்பம் எங்கே நேர்ந்தது என்று தெரிந்தது. மற்றபடி அவர் சொன்னது வியப்பூட்டும் அளவுக்குச் சரியாக இருந்தது. அரசு ஆயிரம் ரூபாய் கொடுத்தது. சில மாதங்களில் கிந்துப் இறந்துபோனார். மோர்ஸ்ஹெட்டைப் பற்றிக் கேட்க வந்தவர்களிடம் நான் கிந்துப்பைப் பற்றியே அதிகம் பேசிவிடுகிறேன் என்று ஒரு புகார் உண்டு. இருக்கட்டும்.

அட்டை கடிச்சு ரத்தம் ஊத்தியும் அசையாம நின்னாராமே, நிஜமா?

பெய்லி பின்னாளில் எழுதிய பயண நூலில் வருவது இது. உடம்பெல்லாம் அட்டை ஒட்டியிருக்க, பூட்சிலிருந்து ரத்தம் கசிய, அதைப் பற்றிக் கவலையே இல்லாமல் நின்றார் என்கிறார். பெய்லி இதைப் பாராட்டாக மட்டும் எழுதவில்லை, எரிச்சலும் இருக்கிறது. ஆபத்தைப் பொருட்படுத்தாத ஆளோடு நடப்பது உடன்வருபவருக்கு நிம்மதியான காரியம் அல்ல. இந்தக் குணம் 1922ல் எப்படித் திரும்பி வந்தது என்பதைக் கீழே பார்க்கலாம்.

இவருக்கு மலை மேல உண்மையாவே ஆசையா, இல்ல சம்பளத்துக்காகப் போனாரா?

சம்பளத்துக்காக மட்டும் என்றால் டேராடூன் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கலாம். முதல் உலகப்போரில் பிரான்சில் சண்டையிட்டு, வீரப்பதக்கம் வாங்கி, 1918ல் காயம்பட்டுத் திரும்பியவர். 1920ல் கார்வாலில் உள்ள 7,756 மீட்டர் காமெட் சிகரத்துக்கு, உயர மலையில் உடல் எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்த அலெக்சாண்டர் கெல்லாஸோடு போனார். சுமார் 7,100 மீட்டர் உயரத்தில் மீட்ஸ் கணவாயைத் தொட்டுத் திரும்பினார்கள். சுமைதூக்கிகளால் அதற்கு மேல் முடியவில்லை.

1927ல், விரல்களை இழந்த பிறகு, ஸ்பிட்ஸ்பெர்கனுக்குப் பக்கத்தில் எட்ஜ் தீவுக்குப் போன கேம்பிரிட்ஜ் மாணவர் குழுவில் அளவையாளராகச் சேர்ந்தார். குழுத்தலைவர் ஜினோ வாட்கின்ஸுக்கு வயது 20. இவருக்கு 44. பாதி வயதுப் பையனுக்குக் கீழே, விடுமுறையில், பனித்தீவுக்குப் போகிறவரிடம் ஆசையைப் பற்றி வேறு என்ன கேட்பது?

1921 எவரெஸ்ட் குழுவுல இவர் வேலை என்ன?

அந்த ஆண்டு குழு போனதே வழி தேடத்தான். எவரெஸ்டின் வடபுறம் எப்படி இருக்கிறது என்று அதுவரை யாருக்கும் தெரியாது. மோர்ஸ்ஹெட் அளவைப் பிரிவின் தலைவர். அவரோடு குஜ்ஜர் சிங், லால்பீர் சிங் தாப்பா, துருபாஸ் கான் என்ற மூன்று இந்திய அளவையாளர்கள். கனடாக்காரரான ஆலிவர் வீலர், அவரும் ராயல் இன்ஜினியர்தான், மலையின் உட்பகுதியைப் புகைப்படம் எடுத்து வரைபடமாக்கினார். மேலே போகும் வழியான கிழக்கு ரோங்புக் பனியாற்றின் வாய் வீலரின் அளவையில்தான் தெரிய வந்தது.

ஒரே பருவத்தில் சுமார் 12,000 சதுர மைல், அதாவது 31,000 சதுர கிலோமீட்டர் புதிதாக வரையப்பட்டது. மூன்றாவது கேள்வியில் சொன்ன பலகையும் முக்காலியும்தான் கருவி. அந்த மூன்று இந்தியர்களின் பெயர்களை இன்று எத்தனை பேர் அறிவார்கள்? செப்டம்பரில் மோர்ஸ்ஹெட்டும், குழுவிலிருந்த மலையேறி ஜார்ஜ் மல்லோரியோடு லக்பா லா கணவாய் வரை ஏறினார். முன்பு சொன்ன கெல்லாஸ் இந்தப் பயணத்தின் தொடக்கத்திலேயே, ஜூனில், கம்பா சோங்குக்கு அருகில் உடல்நலம் குன்றி இறந்துவிட்டார்.

அப்போ எவரெஸ்ட் உயரத்தை அளந்தது இவர்தானே?

இல்லை. அது மோர்ஸ்ஹெட் பிறப்பதற்கு முப்பது ஆண்டு முன்னாலேயே, சமவெளியிலிருந்து தியோடலைட்டில் கோணம் அளந்து கணக்கிட்டது. அளவைத் துறையில் கணக்கிடும் பணி செய்த ராதாநாத் சிக்தாரின் பெயர் அதோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. அன்று வந்த எண் 29,002 அடி. 1921ல் செய்தது வேறு வேலை: மலை எவ்வளவு உயரம் என்பதல்ல, அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்பது.

1922ல உச்சிக்குப் போனாரா இல்லையா? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

போகவில்லை. அந்த ஆண்டு யாரும் போகவில்லை. மே 20 அன்று மல்லோரி, நார்ட்டன், சாமர்வெல், மோர்ஸ்ஹெட் நால்வரும் ஆக்சிஜன் இல்லாமல் வடக்குக் கணவாயிலிருந்து மேலே ஏறி, சுமார் 7,600 மீட்டரில் கூடாரம் போட்டார்கள். அதுவரை மனிதர் யாரும் அந்த உயரத்தில் இரவு தங்கியதில்லை. ஏறும்போதே காற்று கடுமையாக வீசியது. மோர்ஸ்ஹெட் கம்பளி உடுப்பை எடுத்து அணியத் தாமதித்துவிட்டார். அட்டைக் கதையில் பார்த்த அதே அலட்சியம்.

மறுநாள் காலை, தன்னால் மற்றவர்களின் வேகம் கெடும் என்று அவரே சொல்லிக் கூடாரத்தில் தங்கிவிட்டார். மற்ற மூவரும் 8,225 மீட்டர் வரை போய்த் திரும்பினார்கள். அதுவும் உலக சாதனைதான், ஆறு நாளில் ஆக்சிஜனோடு போன ஃபிஞ்சும் ஜெஃப்ரி புரூஸும் முறியடிக்கும் வரை.

இறங்கும்போது நாலு பேரும் விழுந்தாங்களே, அதுக்கு இவர்தான் காரணமா?

அப்படிப் பழி போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நால்வரும் ஒரே கயிற்றில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கால் நழுவ, கயிறு இழுத்து மூவர் சரிந்தார்கள். முன்னால் இருந்த மல்லோரி பனிக்கோடரியைக் குத்தி, கயிற்றை அதில் சுற்றிப் பிடித்து நிறுத்தினார். களைத்துப்போன நால்வர் புதுப்பனியில் இறங்கும்போது யார் கால் முதலில் வழுக்கியது என்று கணக்குப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

அதன் பிறகு மோர்ஸ்ஹெட்டால் சரியாக நடக்க முடியவில்லை. மற்றவர்கள் மாறி மாறித் தாங்கி, இரவு பதினொன்றரை வாக்கில் வடக்குக் கணவாய்க் கூடாரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே பனியை உருக்கப் பாத்திரம்கூட இல்லை. கீழே எடுத்துப் போய்விட்டிருந்தார்கள். நாவறண்டவர்கள் ஜாமையும் டின் பாலையும் பனியில் குழைத்துத் தின்று சமாளித்தார்கள்.

விரலை எல்லாம் வெட்டிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். அப்புறம் எப்படி வேலை பார்த்தார்?

எல்லா விரலும் இல்லை. பனிக்கடியில் மூன்று விரல்களின் நுனிகள் போயின. வலியைப் பிறர் முன்னால் காட்டாமல் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார், தனியாக இருக்கும்போது அழுதார் என்று உடனிருந்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். அளவை வேலையை விடவில்லை. 1924 எவரெஸ்ட் குழுவில் மட்டும் அவர் இல்லை. அந்தக் குழுவில்தான் மல்லோரியும் இர்வினும் மறைந்தார்கள்.

ஒலிம்பிக் மெடல் வாங்கினார்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். உருட்டுதானே?

உருட்டில்லை. 1924ல் பிரான்சின் சாமோனியில் நடந்த குளிர்கால விளையாட்டுகளில், மலையேற்றத்துக்கான பரிசாக 1922 எவரெஸ்ட் குழுவினருக்குப் பதக்கம் வழங்கப்பட்டது. குழுவின் துணைத்தலைவர் ஸ்ட்ரட் வாங்கிக்கொண்டார். பட்டியலில் மோர்ஸ்ஹெட்டும் உண்டு. 1922 ஜூன் 7 அன்று பனிச்சரிவில் இறந்த ஏழு சுமைதூக்கிகளின் பெயர்களும் உண்டு. ஆகவே, தன் பெயரில் ஒலிம்பிக் பதக்கம் உள்ள நில அளவையாளர் என்று இவரைத் தாராளமாகச் சொல்லலாம்.

நெய்யூர் ஆஸ்பத்திரி டாக்டர் சாமர்வெல், இவரோட போன அதே சாமர்வெல்லா?

அவரேதான். 1922 பயணம் முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர், தெற்குத் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூருக்கு வந்தார். மருத்துவமனை வாசலில் காத்துக்கிடந்த கூட்டத்தைப் பார்த்து, லண்டன் வேலையை உதறிவிட்டு அங்கேயே அறுவை மருத்துவராகத் திரும்பினார். பல்லாண்டுகள் இருந்தார். நாகர்கோவில் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் அவரைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

சரி, பர்மாவுல அவரை யார் கொன்னாங்க? ஏன்?

அன்று பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அங்குள்ள அளவைப் பிரிவின் இயக்குநராக மோர்ஸ்ஹெட் 1929ல் மலைநகரமான மேமியோவுக்குப் போனார். இன்று அதன் பெயர் பின் ஊ லுவின். 1931 மே 17 காலை வழக்கம்போலக் குதிரையில் கிளம்பினார். குதிரை மட்டும் திரும்பி வந்தது. தேடிப் போனவர்கள் காட்டில் அவரது உடலைக் கண்டார்கள், சுடப்பட்டிருந்தார்.

அப்போது பர்மாவில் சாயா சானின் விவசாயிகள் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்ததால் கிளர்ச்சியாளர்கள் மேல் சந்தேகம் போனது. தனிப்பட்ட பகை என்ற பேச்சும் எழுந்தது. யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. மகன் ஐயன் பின்னாளில் இதைத் துருவி ஆராய்ந்து, 1982ல் தந்தையின் வாழ்வையும் கொலையையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இணையத்தில் "கொலையாளி இவர்தான்" என்று ஒரே வரியில் முடிப்பவர்களை நம்பாதீர்கள். நீதிமன்றம் யாரையும் குற்றவாளி என்று சொன்னதில்லை.

வெள்ளைக்காரன் நாட்டைப் பிடிக்க மேப் போட்டான். இதுல பாராட்ட என்ன இருக்கு?

நியாயமான கேள்வி. மழுப்ப மாட்டேன். அனுமதியில்லாமல் திபெத்துக்குள் போய் அளந்தது அரசியல் வேலைதான். 1913ல் வரைந்தது 1914 சிம்லா மாநாட்டில் இந்தியாவுக்கும் திபெத்துக்கும் எல்லையாக மக்மகான் கோடு போடப் பயன்பட்டது. அந்தக் கோட்டுக்காக இன்றும் இந்திய, சீனப் படைகள் எதிரெதிரே நிற்கின்றன. கிந்துப்புக்கு ஆயிரம் ரூபாய், பெய்லிக்குத் தடம் என்ற கணக்கும் நியாயமானதல்ல.

இத்தனைக்கும் பிறகு அந்தத் தாளில் இருக்கும் கோடு சரியாக இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. மோர்ஸ்ஹெட்டின் கோடுகள் சரியாக இருந்தன. அதற்கு அவர் கொடுத்த உழைப்பை நான் மதிக்கிறேன். அவர் யாருக்கு வேலை செய்தார் என்பதையும் மறைக்கவில்லை.

மல்லோரி அளவுக்கு ஏன் இவருக்குப் பேர் இல்ல?

மல்லோரி உச்சிக்குப் போகும் வழியில் மறைந்தார். போய்ச் சேர்ந்தாரா என்ற கேள்வி நூறு ஆண்டாக உயிரோடு இருக்கிறது. மோர்ஸ்ஹெட் முதல் நாள் மாலையே "என்னால் முடியாது" என்று சொல்லக்கூடிய நிலைக்கு வந்து, மறுநாள் கூடாரத்தில் படுத்திருந்தவர். அதில் கதை எழுத என்ன இருக்கிறது? வரைபடத்தைக் கையில் வைத்திருப்பவர்களும் அதன் ஓரத்தில் இருக்கும் பெயரைப் படிப்பதில்லை.

அவர் பாதியில விட்ட காமெட்டை அப்புறம் யாராவது ஏறினாங்களா?

ஏறினார்கள். ஃபிராங்க் ஸ்மைத், எரிக் ஷிப்டன், ஹோல்ட்ஸ்வொர்த், ஷெர்பா லேவா ஆகியோர், 1920ல் மோர்ஸ்ஹெட்டும் கெல்லாஸும் திரும்பிய அதே மீட்ஸ் கணவாய் வழியாக உச்சியை அடைந்தார்கள். அதுவரை மனிதர் ஏறிய சிகரங்களில் அதுவே மிக உயரமானது. தேதி 1931 ஜூன் 21. மேமியோவில் குதிரை தனியாகத் திரும்பி 35 நாள் ஆகியிருந்தது.